நீல மூடி டேங்க்

ரெங்கசாமிக்கு எதில் வேண்டுமானாலும் புத்தி சொல்லலாம், யூரியாவில் மட்டும் சொல்லக்கூடாது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர் நிலத்தில் நாற்பது வருடமாக யூரியா வீசிய கை அது. வரப்பில் நின்று பயிரின் பச்சையைப் பார்த்தே, எந்த மூலையில் எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவார். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்த படித்த பிள்ளையிடமே பந்தயம் கட்டி ஜெயித்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு லாரியே வந்து நின்று யூரியா கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

லாரியை வாங்கிக் கொடுத்தவன் மகன் சூர்யபிரகாஷ். கத்தாரில் வேலை. அப்பா இனிமேல் சேற்றில் இறங்கி முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம், லாரியைப் பார்த்துக்கொண்டாலே போதும் என்பது அவன் கணக்கு. ஆறு சக்கர வண்டி. அறுவடைக் காலத்தில் வயலில் உருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டுகளை ஏற்றிப் பாலக்காட்டு மாட்டுப் பண்ணைகளுக்குக் கொண்டுபோகும். புதுச் சட்டப்படி வந்த வண்டி என்பதால் அதற்கு இரண்டு டேங்க். பெரியதில் டீசல். பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்கில் பச்சைத் தண்ணீர்போலத் தெளிந்த ஒரு திரவம். வண்டிப் புத்தகத்தில் அதற்கு டெஃப் என்று பேர். லாரி ஸ்டாண்டில் எல்லோருக்கும் அது யூரியாத் தண்ணி. அது என்ஜினுக்குள் போகாது. சைலன்சர் குழாய்க்குள் தூறலாக விழுந்து, புகையில் இருக்கிற விஷத்தை முறிக்கும். அது தீர்ந்துபோனாலோ கெட்டுப்போனாலோ வண்டி முதலில் விளக்குப் போட்டுச் சொல்லும், அப்புறம் இழுவையைக் குறைக்கும், கடைசியில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் சூர்யபிரகாஷ் போனில் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால், "அப்பா, அந்த நீல மூடி டேங்க்ல கம்பெனி டப்பாவத் தவிர எதையும் ஊத்திறாதீங்க" என்பான். "எனக்குத் தெரியாதாடா" என்பார் ரெங்கசாமி. ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் மாறவில்லை.

வண்டி ஓட்டுவது ஜாஃபர் சாதிக். நாற்பது வயது. ஒழுங்கான ஆள், வாய் அதிகம் கிடையாது. ரெங்கசாமியின் மனைவி தங்கமணியை அக்கா என்பான், அதனால் ரெங்கசாமி மாமா ஆனார், அவன் அவருக்கு மாப்ள ஆனான். லாரி வருவதற்கு முன்பே டிராக்டர் ஓட்டிய காலத்திலிருந்து ஆறு வருடப் பழக்கம். தை மாதக் கடைசியில், தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் நாகப்பட்டினம் போனான். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான்.

"மாமா, யூரியா விளக்கு எரியுது. வந்து நான் டப்பா வாங்கி ஊத்திக்கிறேன். அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்."

வண்டி சும்மா நிற்கவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டு ரெங்கசாமியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் காலை பனி விலகுவதற்குள் அவர் பழைய காலி டப்பாவை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். யூரியா முப்பத்திரண்டரை பங்கு, மிச்சம் தண்ணீர். அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களத்து அறையிலிருந்து யூரியா மூட்டையை இழுத்து வந்தார். பதிமூன்று கிலோ நிறுத்தார். மோட்டார் கொட்டகையிலிருந்து இருபத்தேழு லிட்டர் தண்ணீர் அளந்து அண்டாவில் ஊற்றினார்.

"என்னங்க இது, வயலுக்குப் போடுற யூரியாவையா வண்டிக்கு ஊத்துறீங்க?" என்றாள் தங்கமணி.

"டப்பாவப் படிச்சுப் பாரு. யூரியா, தண்ணி. இதுல என்ன சிதம்பர ரகசியம் இருக்கு?"

"ஜாஃபர் வரட்டுமே."

"அவன் வந்து எனக்கு யூரியாவப் பத்திப் பாடம் எடுக்கணுமாக்கும். நீ அந்தப் பழைய வேட்டிய எடுத்தா. வடிகட்டித்தான் ஊத்தணும்."

யூரியா கரையக் கரைய அண்டா ஜில்லென்று குளிர்ந்து வெளிப்பக்கம் வேர்த்தது. அவர் உள்ளங்கையை அண்டாவில் வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தங்கமணி வேட்டியை நாலாக மடித்து டேங்க் வாயில் பிடித்துக்கொண்டாள். அவர் செம்பு செம்பாக ஊற்றினார். கொஞ்சம் மஞ்சளோடிய தண்ணீர், லேசாக வேப்பெண்ணெய் வாசம். விளக்கு அணைந்தது. ரெங்கசாமி அன்று முழுக்க ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஜாஃபர் திரும்பி வந்து அளவுமுள்ளைப் பார்த்து, "யூரியா ஊத்தியாச்சா மாமா?" என்று கேட்டான். "ஊத்தியாச்சு" என்றார். கடையில் வாங்கி ஊற்றியிருக்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்?

ஒன்பதாம் நாள் வைக்கோல் பாரத்தோடு பாலக்காட்டுக்குக் கிளம்பிய வண்டி, செங்கிப்பட்டியைத் தாண்டித் திருச்சி ரோட்டில் முனகியது. அப்புறம் இழுவை போயிற்று. ஜாஃபர் போனில் சொன்னான்.

"மாமா, இருவதுக்கு மேல போவ மாட்டேங்குது. டிராக்டரெல்லாம் என்னைய முந்திப் போவுது. புகைச் சிஸ்டத்துல கோளாறுன்னு திரையில எழுதி வருது. பாரத்தோட பாலக்காட்டுக்கு இது ஏறாது. திருப்பித் தஞ்சாவூர் பைபாஸ்ல மீரா உசேன் பாய் பட்டறையில விட்டுறேன்."

அன்று சாயங்காலமே சூர்யபிரகாஷுக்குச் செய்தி போய்விட்டது. மீரா உசேன், டேங்கில் தப்பான திரவம் இருக்கிறது என்று முதல் பார்வையிலேயே சொல்லியிருந்தார். மகன் போனில் கொதித்தான்.

"ஜாஃபர்தான்ப்பா. கம்பெனி டப்பாக்கு நீங்க கொடுத்ததுல மிச்சம் பிடிக்க மட்டமான சரக்கை வாங்கி ஊத்திருக்காரு. வேற யாரு ஊத்தப் போறா? ஆள மாத்துங்க. நான் பரணிகிட்ட சொல்லி நல்ல டிரைவரா பாக்கச் சொல்றேன். என்னப்பா?"

"ம்" என்றார் ரெங்கசாமி.

மற்றபடி அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ஜாஃபரைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அந்த ஒரு 'ம்'தான். ஆனால் அதற்கே கால் முளைத்துவிட்டது. பரணிதரன் சூர்யபிரகாஷோடு ஒன்றாகப் படித்தவன், லாரி ஸ்டாண்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். டிரைவர் வேண்டும் என்று நாலு பேரிடம் கேட்டான். ஏன் என்று அவர்கள் கேட்டார்கள், காரணத்தையும் சொன்னான். மறுநாள் காலைக்குள் ஸ்டாண்டு டீக்கடையில் ஜாஃபருக்கு 'கலப்பட ஜாஃபர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பூதலூரில் நெல் மூட்டை ஏற்ற வண்டி தருவதாக இருந்த ஒருவர், அப்புறம் பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டார். டிரைவருக்கு நிலமா நீச்சா, இருப்பது பேர் ஒன்றுதான். இந்த ஊரில் அது போனால் அவனிடம் யார் சாவியைக் கொடுப்பார்கள்?

ஜாஃபர் அன்றைக்கே வீட்டுக்கு வந்தான். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றான், உள்ளே வரவில்லை.

"மாமா, நான் ஊத்தல. அது உங்களுக்கே தெரியும்."

ரெங்கசாமி கீழே கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினார். "சூர்யா கோவத்துல இருக்கான் மாப்ள. கொஞ்ச நாள் போவட்டும். நானே சொல்றேன்."

"தம்பி தூரத்துல இருக்கு, அதுக்குத் தெரியாது. நீங்க இங்கதான இருக்கீங்க."

"இரு, இரு. எல்லாம் சரியாயிரும்."

"ஸ்டாண்டுல என்னைய என்னன்னு கூப்புடுறாங்க தெரியுமா? எம்பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்து என்கிட்டக் கேக்குது மாமா."

தங்கமணி டீ கொண்டுவந்தாள். "வேணாங்க்கா" என்றான். ஆறு வருடத்தில் அவன் அந்த வீட்டு டீயை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் தெருமுனை திரும்பும்வரை தங்கமணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அன்றிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். மொச்சைக்கொட்டை போட்ட கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு இல்லை. மறந்துவிட்டாளா, போடவில்லையா என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது அவரே வாயைத் திறந்தார்.

"நான் என்னத்தடி சொல்லுவேன் அவன்கிட்ட? வாரா வாரம் சொன்னான். சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னான். எனக்குத் தெரியாதாடான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பப் போயி, ஆமாடா தெரியாமத்தான் ஊத்திப்புட்டேன்னு சொன்னா, அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனோட பேசுவேன்?"

"ஒங்க மூஞ்சிய நீங்க பாத்துக்கிட்டீங்க. ஜாஃபர் மூஞ்சிய யாரு பாக்குறது?"

"அவனுக்குத் தெரியும்ல, நான்தான்னு."

"தெரிஞ்சும் இதுவரைக்கும் வெளிய யாருகிட்டயும் வாயத் தொறக்கல பாருங்க. அதனாலதான் எனக்குத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது. வேட்டியப் புடிச்சவளும் நான்தான். ஒங்கள மட்டும் சொல்லி என்ன பண்ண."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். வயலுக்குப் போய், அறுத்த தாளுக்கு நடுவே முளைத்து நின்ற உளுந்தைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். மனுஷன் கெட்டவரில்லை. தன் பேர் கெடாமல் ஜாஃபரையும் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தார். அப்படி ஒரு வழி கிடையாது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் அவருக்கு நேரம் பிடித்தது.

ஐந்தாம் நாள் மீரா உசேன் வரச்சொன்னார். தங்கமணியும் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பட்டறைக்கு நீ எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. அங்கே போனால் ஜாஃபரும் உட்கார்ந்திருந்தான். வண்டி எந்த இடத்தில் எப்படி முனகியது என்று ஓட்டியவன் வாயால் கேட்க வேண்டும் என்று மீரா உசேன் அவனையும் கூப்பிட்டிருந்தார். ரெங்கசாமியைப் பார்த்ததும் ஜாஃபர் எழுந்து நின்றான்.

மீரா உசேன் அறுபதை நெருங்குகிற ஆள். பழைய வண்டிகளில் பழகிய கையால் இப்போது மடிக்கணினியையும் தட்டுகிறார். கழற்றி வைத்திருந்த குழாயைக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று கல்கண்டுபோலக் கட்டி கட்டியாகப் பிடித்திருந்தது.

"இங்க பாருங்கண்ணே. டீசல் எரிஞ்ச புகை இந்த வழியாத்தான் வருது. அதுல ஒரு விஷக்காத்து இருக்கு. இந்த ஊசி வாயில இருந்து யூரியாத் தண்ணி பூத்தூறலா விழணும். புகைச் சூட்டுல அது அமோனியாவா மாறி, அந்தா இருக்கே பெரிய உருளை, அதுக்குள்ள போயி விஷத்த முறிச்சிரும். அப்புறம் வெளிய போறது நம்ம சுவாசிக்கிற காத்துல இருக்குற சமாச்சாரமும் நீராவியும்தான். ஊசி வாய் அடைச்சா தூறல் இல்ல. தூறல் இல்லன்னா விஷம் அப்புடியே போவும். அத மோப்பம் புடிக்கக் கடைசியில ஒரு சென்சார் இருக்கு. அது கம்ப்யூட்டர்கிட்டக் கோள் சொல்லிரும். அதான் வண்டி நொண்டுச்சு."

அவர் ஒரு இரும்புக் கரண்டியில் டேங்கிலிருந்து எடுத்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டு அடுப்பில் காட்டினார். வற்றியதும் கரண்டியில் மஞ்சள் பிசுக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. வேப்பெண்ணெய் நாற்றம் பட்டறை முழுக்க வந்தது.

"கம்பெனித் தண்ணின்னா கரண்டியில இந்த மஞ்சள் இருக்காது. இது வயலுக்குப் போடுற யூரியா. ஆனா ஒண்ணு சொல்லணும்ண்ணே. கருவி வெச்சு அளந்து பாத்தேன், கலவை அச்சுப் பெசகாம முப்பத்திரெண்டரை. கலக்குனவன் லேசுப்பட்ட ஆள் இல்ல."

ரெங்கசாமியின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்து போயிற்று. தங்கமணி அதைப் பார்த்துவிட்டாள்.

"அளவு சரின்னா அப்புறம் எதுல தப்பு பாய்?" என்று அவரே கேட்டார்.

"நம்ம யூரியாவுல வேப்பெண்ணெய் பூசியிருக்காங்கள்ல, மண்ணுல மெதுவாக் கரையட்டும்னு. மண்ணுக்கு அது மருந்து. இந்தச் சின்ன ஓட்டைக்கு எமன். போதாததுக்குப் போர்த்தண்ணி வேற, அதுல இருக்குற உப்பு. துணியில வடிகட்டுனா இதெல்லாம் நிக்காது. நல்லவேளை, ஜாஃபர் பாரத்தோட அடிச்சு மெதிச்சு ஓட்டாம உடனே திருப்பிக் கொண்டாந்தான். இன்னும் நூறு கிலோமீட்டர் போயிருந்தா உருளையே போயிருக்கும். இப்ப டேங்க்கக் காலி பண்ணி, வெந்நீர்ல ஊசி வாயக் கழுவி, ஃபில்டர மாத்தியாச்சு. கம்பெனித் தண்ணி ஊத்தி ஒரு அம்பது கிலோமீட்டர் ஒரே ஓட்டமா ஓடுனா வண்டி தானா சமாதானமாயிரும்."

சொல்லிக்கொண்டே சூர்யபிரகாஷுக்கு வீடியோ கால் போட்டார். கழற்றிய சாமானைக் காட்டும்படி அவன் கேட்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"ரொம்ப நன்றி பாய். ஜாஃபர் ஒத்துக்கிட்டாரா?"

ரெங்கசாமி சொல்லிவிடலாம் என்று நாக்கைப் புரட்டினார். அதற்குள் தங்கமணி முன்னால் போய் மீரா உசேனின் கையிலிருந்த போனுக்கு நேராக நின்றாள்.

"சூர்யா, ஜாஃபரு ஊத்தலப்பா. நான்தான் ஊத்துனேன்."

"நீயா? நீ எதுக்கும்மா வண்டிகிட்டப் போன?"

"விளக்கு எரிஞ்சுது. யூரியான்னு போட்டிருந்துச்சு. ஊத்திப்புட்டேன்."

"ஏம்மா, உனக்கு இது தேவையா? தெரியாத வேலையில எதுக்குத் தலையிடுற? அறிவுன்னு ஒண்ணு வேண்டாமா?"

தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பேச்சு தனக்கு வரவேண்டியது என்று ரெங்கசாமிக்குத் தெரியும். இருந்தும் நின்ற இடத்திலேயே நின்றார். ஆனால் ஜாஃபரால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஐந்து நாளாகத் தன் பேருக்காகக்கூட வெளியில் வாய் திறக்காதவன் போனுக்கு முன்னால் வந்துவிட்டான்.

"தம்பி, அம்மாவ வையாதீங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க நெனச்சதுதான் சரி. நான்தான் ஊத்துனேன்."

மீரா உசேன் போனைத் தாழ்த்திக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாப்பது லிட்டர் டேங்க்குக்கு எத்தனை பேருப்பா ஊத்துவீங்க?" என்றார்.

ரெங்கசாமி வந்து போனை வாங்கினார்.

"டேய் சூர்யா. ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க. ஊத்துனது நான். பதிமூணு கிலோ யூரியா, இருவத்தேழு லிட்டர் தண்ணி. ஜாஃபரு நாகப்பட்டினம் போயிருந்தான், அவனுக்குத் தெரியவே தெரியாது. அன்னைக்கு நீ கேட்டப்ப நான் சொல்லிருக்கணும். வெக்கமா இருந்துச்சுடா. நீ அத்தன தடவ சொன்னியே, அதான்."

மறுபக்கத்திலிருந்து சூர்யபிரகாஷ், "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்றான். அம்மாவிடம் என்ன பேசினானோ, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜாஃபரிடம் போனைக் கொடுத்தாள். "விடுங்க தம்பி. சரி தம்பி. அட, விடுங்கன்னா" என்று ஜாஃபர் மூன்று தடவை சொன்னான். எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டார்கள். அன்று அதில் உப்பு சரியாக இருந்தது.

சோதனை ஓட்டத்துக்கு வண்டி ஊர்ப்பக்கமே கிளம்பியது. ஜாஃபர் ஓட்டினான். தங்கமணி நடுவில், ரெங்கசாமி ஜன்னலோரம். செங்கிப்பட்டிக்கு முன்பே திரையில் எச்சரிக்கை அணைந்து வண்டி நன்றாக இழுத்தது. ரெங்கசாமியின் யோசனை மட்டும் ஸ்டாண்டிலேயே இருந்தது. பெற்ற மகனிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் இவனைக் கலப்பட ஜாஃபர் என்று கூப்பிடுகிறவன் கத்தாரிலா இருக்கிறான்?

பூதலூர் தாண்டி, திருக்காட்டுப்பள்ளிக்குள் நுழையும்போது, "ஸ்டாண்டுல நிறுத்து மாப்ள" என்றார்.

"எதுக்கு மாமா? விடுங்க, வீட்டுக்குப் போவம்."

"நிறுத்துன்னா நிறுத்தேன்."

நாலு மணி டீ நேரம். பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். கடை வாசலில் பரணிதரன். ரெங்கசாமி இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பரணி, இங்க வா. எல்லாரும் கொஞ்சம் கேளுங்கப்பா. என் வண்டி டேங்க்ல வயல் யூரியாவக் கரைச்சு ஊத்துனது நான். ஜாஃபரு இல்ல. அவன் மேல பழி விழுந்தப்ப வாய மூடிக்கிட்டு இருந்தவனும் நான்தான். வண்டி உருளை தப்பிச்சதே அவனாலதான்னு பாய் சொல்றாரு. இனிமே யாராவது அவனுக்குப் பேரு வெக்கணும்னா எனக்கு வைங்க."

டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெல்ல ஆரம்பித்தது.

"அடியுரமாப் போட்டீங்களா, மேலுரமாப் போட்டீங்களா?"

"மேலுரந்தான்" என்றார் ரெங்கசாமி. முகத்தில் சிரிப்பில்லை.

"லாரி எத்தனை தூர் கட்டுச்சு?"

"ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டுமொதல் வரும்?"

சிரிப்பு ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பரணிதரன் தலையைச் சொறிந்துகொண்டு லாரிப் பக்கம் போய், ஜன்னல் வழியாக ஜாஃபரின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். ரெங்கசாமி ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. அந்த மனிதரை நாற்பது வருடத்தில் யாரும் யூரியா விஷயத்தில் இப்படிக் கேட்டதில்லை.

ஜாஃபருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இறங்கி வந்து அவர் முழங்கையைப் பிடித்தான்.

"போதும் மாமா. ஏறுங்க, போவம்."

"இரு மாப்ள" என்றார் ரெங்கசாமி. "அந்தக் கடைசியில இன்னும் ரெண்டு பேரு சிரிக்கல."